ஒட்டகச்சிவிங்கி யார்கிட்ட பேசுது?

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பி நெட்டைக்கு,

அக்கா எழுதுறேன். இங்க நான் சௌக்கியம். அப்பாவோட முழங்கால் மட்டும் சௌக்கியம் இல்ல. அவர் படி ஏறினா அது போடுற சத்தத்துக்கு மாடி வீட்டுக்காரங்க கதவைத் திறந்து பாக்குறாங்க. உன் இருமல் எப்படி இருக்கு? தண்ணியைச் சுட வெச்சுக் குடிக்கிறியா, இல்ல வழக்கம்போல சோம்பேறித்தனமா?

சேதிக்கு வர்றேன். உக்காந்துகிட்டுப் படி. நம்ம கதை மேடை ஏறப் போகுது!

எங்க பல் செட் பட்டறைக்கு அளவு எடுத்து அனுப்புற டாக்டர்கள்ல ஒருத்தர் உன் ஊர்க்காரர். போன மாசம் அவருக்கு அனுப்பின பெட்டி மூடியில கை போன போக்குல நம்ம கதையில வர்ற லிஃப்ட்காரியை வரைஞ்சிருந்தேன். மனுஷன் மறுநாளே போன் பண்ணிட்டார். "இது எந்த மங்காவுல வருது? நான் படிச்சதே இல்லையே"ன்னு. நானும் என் தம்பியும் இருபத்தஞ்சு வருஷமா வரையிறோம்னு சொன்னேன். அவ்வளவுதான், ஒரு மணி நேரம் விடல. அவர் சரியான அனிமே பைத்தியம், ஜப்பான் கார்ட்டூன் படம், மங்காங்கிற அவங்க படக்கதை, எதையும் விட மாட்டாராம். அவங்க கூட்டம் வருஷத்துக்கு ஒரு சனி ஞாயிறு மண்டபம் பிடிச்சு, ரெண்டு நாளும் படம் போட்டு, மங்கா பத்திப் பேச்சும் வெக்கிறாங்களாம். இந்தத் தடவை மார்ச் 21, 22. ஞாயித்துக்கிழமை காலையில நாப்பது நிமிஷம் நமக்கு.

என்ன பேசப் போறோம்? உள்ளதைத்தான். நீ பதினோரு வயசுல விடுதிக்குப் போய்ச் சோறு இறங்காம அழுதது. நான் லெட்டர் கடைசியில ஒரு கட்டம் வரைஞ்சு, அடுத்த கட்டம் நீ வரைஞ்சாத்தான் கதை நகரும்னு அனுப்பினது. அதுக்கும் முன்னாடி, பழைய பேப்பர் கடையில அட்டை கிழிஞ்ச மங்கா ஒண்ணு வாங்கி, பின்னாலேருந்து படிக்கணும்னு தெரியாம, "செத்துப் போனவன் எப்படிடா பள்ளிக்கூடத்துல சேர்றான்?"னு ஒரு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டது. அப்புறம் நம்ம ஒரே சட்டம்: வந்த கட்டத்தை அழிக்கக் கூடாது, அதுலேருந்துதான் மேல போகணும்.

ஒரே ஒரு சிக்கல். நீ வரைஞ்சதெல்லாம் என்கிட்ட இருக்கு. நான் வரைஞ்சதெல்லாம் உன்கிட்ட, அந்த நீலப் பையில இருக்கு. ரெண்டையும் சேர்த்தாத்தான் கதை. அதனால நீ பையோட வந்தே ஆகணும். வந்து என் பக்கத்துல நிக்கணும்.

வேற என்ன, உடம்பைப் பாத்துக்க.
உன் அக்கா

(கட்டம் 611. லிஃப்ட் கதவு திறந்திருக்கு. தொப்பி போட்ட லிஃப்ட்காரி, வெளியில நிக்கிற ஒட்டகச்சிவிங்கியைக் கேக்குறா: "எந்த மாடி?")


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நெட்டை வணக்கம். உன் லெட்டர் வந்துச்சு. இருமல் போயே போச்சு. அப்பாவைப் படி ஏற விடாதே, கீழயே நடக்கச் சொல்லு.

அக்கா, நிஜமாவா? நம்ம கதையையா? ஆபீஸ்ல லெட்டரை மேஜைக்குக் கீழ வெச்சுப் படிச்சேன். பக்கத்துல இருந்தவர் "என்னப்பா, லாட்டரி விழுந்துச்சா?"ன்னு கேட்டார். "ஆமா சார், அந்த மாதிரிதான்"னேன்.

வர்றேன். பையோட வர்றேன். நேத்து எடுத்துப் பாத்தேன், முந்நூத்தி ஆறு கட்டம் இருக்கு. ஒண்ணைக்கூட நான் தொலைக்கல பாரு. மேடையில நிக்கிறதுதான் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு. இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை எப்படின்னு உனக்கே தெரியும், எல்லாரும் இஸ்திரி போட்ட மூஞ்சியோட திரியிற இடம். இந்த வருஷம் பதவி உயர்வுக்கு என் பேர் போயிருக்கு, மேலாளர் கையில இருக்கு. அவருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, சும்மா சொன்னேன். நீ பேசு, நான் கட்டம் எடுத்துக் குடுக்குறேன்.

அன்புடன்,
நெட்டை

(கட்டம் 612. ஒட்டகச்சிவிங்கி: "எந்த மாடியா இருந்தா என்ன? என் கழுத்து உள்ள வராதே.")


மார்ச் 2

அன்புள்ள நெட்டைக்கு,

எல்லாரும் நலம். நீயும் அப்படியே இருக்கணும். அப்பா "ரெண்டு பேரும் மேடையில நிக்கிறப்ப போட்டோ எடுத்துட்டு வா"ன்னு தினமும் ஒரு தடவை சொல்றார்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அங்க வர்றவங்க பாதிப் பேர் வேஷம் கட்டிட்டு வருவாங்களாம். நானும் லிஃப்ட்காரியாவே வரப் போறேன். சிவப்புத் தொப்பி தைச்சாச்சு. சட்டைக்கு ஒம்பது பொத்தான் வேணும்ல? பல் செட்டுக்கு ஈறு செய்ய ஊத்துற ரோஸ் கலர் பிசின் இருக்கே, அதுல நானே ஊத்தி, இழைச்சு, பாலிஷ் போட்டிருக்கேன். பட்டறையில "இந்தச் சட்டை யாரையாவது கடிக்கப் போகுது"ன்னு கிண்டல் பண்றாங்க. நாப்பத்தோரு வயசுல இது தேவையான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அப்புறம், தம்பிகூட நிக்கிறப்ப என்ன வெக்கம்னு விட்டுட்டேன்.

நான் சனிக்கிழமையே படம் பாக்க வந்து டாக்டர் வீட்டுல தங்கிடுறேன். ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பேச்சு, மாடியில சின்ன ஹால். ஒம்பதரைக்கு வாசல்ல இரு. பையை மறந்துடாதே.

அக்கா

(கட்டம் 613. லிஃப்ட்காரி வழக்கம்போல இடுப்புல கை வெச்சுக்கிட்டு: "கழுத்தை மடக்கு. கதவு மூடணும்.")


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் நலமா இருப்பீங்கன்னு நம்புறேன். என்னை மன்னிச்சுடு. சனிக்கிழமை ராத்திரியே காய்ச்சல் ஆரம்பிச்சு, ஞாயித்துக்கிழமை தலையைத் தூக்க முடியல. நூத்தி ரெண்டு இருந்துச்சு. போன் வேற சார்ஜ் இல்லாம அணைஞ்சு கிடந்திருக்கு, எனக்குத் தெரியல. திங்கக்கிழமை சாயங்காலம்தான் கண்ணைத் திறந்தேன். பேச்சு நல்லபடியா நடந்திருக்கும்னு நினைக்கிறேன். நீ கெட்டிக்காரி, சமாளிச்சிருப்பே.

கை நடுங்குது. அதனால கட்டம் வரையல.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் விட்டுச்சா? கஞ்சி குடி. ஆபீசுக்கு அவசரப்பட்டு ஓடாதே.

பேச்சு நடந்துச்சு. நல்ல கூட்டம். முதல் நாள் போட்ட படத்துல, ஒரு கிழட்டு ரயில் தன் பழைய தண்டவாளத்தைத் தேடிப் போகும். நான் மூக்கு சிந்தச் சிந்தப் பாத்தேன். பக்கத்துல வாள் வெச்சிருந்த ஒரு பொண்ணு கைக்குட்டை குடுத்துச்சு. எல்லாம் தங்கமான ஜனங்க.

ஞாயித்துக்கிழமை ஒம்பதரைக்கு வாசல்ல நின்னேன், அப்புறம் மாடி வராந்தாவுல நின்னேன். அங்க ஒரு வேடிக்கை. ஒரு பெரிய மனுஷர், அவர் பொண்ணு, பன்னெண்டு வயசு இருக்கும், கூட இன்னொருத்தர். அந்த இன்னொருத்தர் நல்ல உயரம். தோள்ல நீலப் பை. நான் தெரிஞ்சவங்கன்னு நினைச்சுக் கையை விரிச்சுக்கிட்டு ஓடிட்டேன்! பெரியவர், "யாருப்பா, உனக்குத் தெரிஞ்சவங்களா?"ன்னு கேட்டார். அந்த உயரமானவர் தெரியாதுன்னுட்டார். நானும் வேஷத்துலதானே இருந்தேன், அதனால தொப்பியைத் தொட்டு, குனிஞ்சு, "எந்த மாடி சார்?"னு கேட்டேன். பெரியவர் சிரிச்சுட்டார். பொண்ணு கை தட்டுச்சு.

என் பாதி கட்டம் இல்லாததால உன்னோடதை மட்டும் காட்டினேன். திரையில முழுக்க ஒட்டகச்சிவிங்கிதான். தனியா நின்னு பேசுது, கோவப்படுது, மன்னிப்பு கேக்குது, எதிர்ல யாருமே இல்ல. கடைசி வரிசையில இருந்து, வராந்தாவுல பாத்த அந்தப் பெரியவரோட பொண்ணு எழுந்து கேட்டுச்சு, "ஒட்டகச்சிவிங்கி யார்கிட்ட பேசுது?"ன்னு. லிஃப்ட்காரிகிட்டம்மா, அவ இதுல தெரிய மாட்டான்னு சொன்னேன்.

அப்பாகிட்ட நீ வந்தேன்னு சொல்லிட்டேன். அதனால உன் காய்ச்சல் லெட்டரை அவருக்குப் படிச்சுக் காட்டல. போட்டோ சரியா விழலன்னு சொல்லியிருக்கேன்.

இப்ப உன் முறை. கட்டம் அனுப்பு.

அக்கா


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

நலமா இருக்கியா? உன்கிட்டேருந்து ஆறு வாரமா ஒண்ணும் இல்ல. போன் எடுக்குறே, அப்பாவோட பேசுறே, என்கிட்ட குடுக்குறதுக்குள்ள "மீட்டிங்"னு வெச்சுடுறே. ஒரு நாளைக்கு எத்தனை மீட்டிங்டா?

விடுதியில உனக்கு அம்மை போட்டப்பகூட, கம்பளிக்குள்ள ஒளிஞ்சு வரைஞ்சு அனுப்பினே. உன் முறை வர்றப்ப நான் வரைய முடியாது. கதை அங்கயே நிக்குது.

அக்கா


ஜூலை 8

தம்பி,

அப்பா நலம். நான் நலம்.

வரைய இஷ்டமில்லன்னா விட்டுடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். என் கட்டங்களை மட்டும் பார்சல் பண்ணி அனுப்பிடு. உனக்கு அது பாரமா இருக்கலாம்.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமான்னு கேக்குறதுக்கே வாய் கூசுது. ஆனாலும் கேக்குறேன். நலமா?

எனக்குக் காய்ச்சல் வரல.

உனக்குத் தெரியும். ஏப்ரல்ல நீ எழுதினதைப் படிச்சப்பவே உனக்கு எல்லாம் தெரியும்னு புரிஞ்சுது. "அந்த இன்னொருத்தர்"னு எழுதியிருந்தே பாரு, அதை எத்தனை தடவை படிச்சேன்னு கணக்கே இல்ல. நீ திட்டியிருந்தா மறு தபால்ல அழுது எழுதியிருப்பேன். நீ திட்டல. அதனால என்னால ஒரு வரி எழுத முடியல.

நடந்ததைச் சொல்றேன். ஒம்பதே காலுக்கே பையோட வந்துட்டேன். வாசல்ல எங்க மேலாளர், பொண்ணைக் கூட்டிட்டு நிக்கிறார். "அட, நீயுமா?"ன்னார். "சும்மா எட்டிப் பாக்கலாம்னு சார்"னு சொல்லிட்டேன். முதல் பொய் அதுதான். பின்பக்கப் படி வழியா அவரோட மாடி ஏறினா, எதிர்ல நீ ஓடி வர்றே. சிவப்புத் தொப்பி, ரோஸ் பொத்தான், மூஞ்சி முழுக்கச் சிரிப்பு. அவர் கேட்டார். நான் "தெரியாது சார்"னேன். அதோட நிறுத்தினேனா? "இதுங்களுக்கெல்லாம் வேற பொழப்பு இல்ல சார்"னும் சேர்த்துச் சொன்னேன். அது உன் காதுல விழுந்துச்சு. நீ அதை மட்டும் எழுதல.

அவர் உன்னைக் கேவலமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட எனக்கு ஒரு சாக்கு இருக்கும். அவர் சொன்னது, "பரவாயில்லப்பா, எவ்வளவு அழகாத் தைச்சிருக்காங்க பாரு"ன்னுதான். என்னை யாரும் நெருக்கல அக்கா. நானாத்தான் சொன்னேன்.

கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். முந்நூத்தி ஏழு கட்டமும் என் மடியில இருந்துச்சு. நீ தொப்பி இல்லாம மேடைக்கு வந்தே. நாப்பது நிமிஷம் என் படத்தை மட்டும் காட்டி என்னைப் பத்தியே பேசினே. என் கோடு எப்படி மாறுச்சு, எந்தக் கட்டத்துல நான் அழுதுகிட்டே வரைஞ்சேன்னு எல்லாம். அந்தப் பொண்ணு கை தூக்கினப்ப எனக்குப் பக்கத்துலதான் இருந்தா. வெளியில வர்றப்ப என் காதுல ரகசியமாச் சொன்னா: "அங்கிள், அந்த லிஃப்ட் ஆன்ட்டிக்கு உங்க மூக்கு." நான் சிரிச்சு மழுப்பிட்டேன்.

பார்சல் கட்ட ரெண்டு தடவை பையை எடுத்தேன். முடியல. உன் கட்டத்தைத் திருப்பிக் குடுத்துட்டா எனக்குன்னு என்ன இருக்கு? என்னைத் திட்டு. இல்ல எழுதவே வேண்டாம்னாலும் சரி.

தம்பி

(கட்டம் 614. இருட்டு ஹால், கடைசி வரிசை. ஒட்டகச்சிவிங்கி மடியில ஒரு பையோட உக்காந்திருக்கு. அது சொல்றது: "எனக்குத் தெரியாது.")


செப்டம்பர் 14

தம்பிக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். உன் லெட்டர் வந்து அஞ்சு வாரம் ஆச்சு. நாலு பதில் எழுதிக் கிழிச்சேன்.

வலிச்சுதுடா. நீ தெரியாதுன்னு சொன்னதுகூடப் போகுது. உன் கண்ணுல என்னைப் பாத்தேன். அந்த ஒரு வினாடியில நான் லிஃப்ட்காரி இல்ல. வயசான பொம்பளை ஒருத்தி, பல் செட் பிசின்ல பொத்தான் செஞ்சு போட்டுக்கிட்டு, சின்னப் பிள்ளைங்க நடுவுல ஆடிட்டு நிக்கிறா. கழிவறைக்குப் போய்த் தொப்பியைக் கழட்டிக் குப்பைக் கூடையில போட்டேன். எனக்கு என்னை நினைச்சே வெக்கமாப் போச்சு. அதுக்காகத்தான் உன் மேல அதிகக் கோவம்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், இல்லன்னா நான் யோக்கியம்னு நினைச்சுப்பே. "எந்த மாடி சார்?"னு நான் கேட்டது உன் மானத்தைக் காப்பாத்தத்தான்னு நீ நினைச்சிருக்கலாம். இல்ல. அந்த "சார்" உன்னை அறையணும்னு சொன்னது. அறை விழுந்துச்சுன்னும் தெரிஞ்சுது, மனசுக்கு இனிச்சுது. மேடையில உன் படத்தை மட்டும் காட்டி உன்னைப் புகழ்ந்தேனே, அதுலயும் பாதி அன்பு, பாதி அடி. நீ கடைசி வரிசையில நெளியிறது எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. நாப்பது நிமிஷம் விடல. ஏப்ரல் லெட்டரும் அந்த வகைதான். நான் அக்கா மாதிரி நடந்துக்கல. "டேய் நெட்டை, இங்க வாடா"ன்னு காதைப் பிடிச்சு இழுத்திருக்கணும்.

உன் 614ஐ அழிச்சுடலாம்னு ரப்பரைக்கூட எடுத்துட்டேன். சட்டம் போட்டவளே நான்தானேன்னு வெச்சுட்டேன். அதுக்கு மேல என்ன வரையறதுன்னு இன்னும் தெரியல.

அக்கா


அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் நலம்தானே? நான் உடம்புக்கு நலம்.

இது உன் முறை, தெரியும். கட்டத்துக்காக எழுதல. ஒண்ணு நடந்துச்சு, அதைச் சொல்லணும்.

போன ஞாயித்துக்கிழமை பையை எடுத்துக்கிட்டு மேலாளர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த உடனே சொல்லிட்டேன், விட்டா வாய் அடைச்சுக்கும்னு. "சார், அன்னைக்கு லிஃப்ட்காரி வேஷத்துல வந்தது எங்க அக்கா. கூடப் பிறந்தவ. ஒட்டகச்சிவிங்கியை வரைஞ்சது நான்."

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "தெரியும்பா. அன்னைக்குக் கார்லயே என் பொண்ணு மூக்கைப் பத்திச் சொன்னா. நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். ஆறு மாசம் ஆச்சு"ன்னார். ஜூன்லயே பதவி உயர்வு வேற ஒருத்தருக்குப் போயிடுச்சு, நான் உனக்கு எழுதல. ஏன்னு அவர்கிட்ட நான் கேக்கல. கேக்க மூஞ்சி இல்ல. யார் முன்னாடி நான் பெரிய மனுஷனா நிக்கணும்னு உன்னைத் தெரியாதுன்னு சொன்னேனோ, அவருக்கு நான் யாருன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. இந்த ஆறு மாசமும் தினம் காலையில அவருக்கு வணக்கம் வெச்சுட்டு இருந்திருக்கேன் அக்கா.

அந்தப் பொண்ணு பையைப் பிடுங்கிக் கூடத்துல எல்லாத்தையும் பரப்பிட்டா. மங்கா மாதிரியே வலதுலேருந்து இடதுக்கு, நம்பர் வாரியா. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல ஒரு கட்டம் அளவுக்கு இடம் விட்டு வெச்சா. கூடம் பத்தல, சமையல்கட்டு வரைக்கும் போச்சு. மேலாளர் கால் வெக்க இடமில்லாம சோபா மேல ஏறி நின்னார். இப்ப லிஃப்ட்காரி தனியாப் பேசிட்டு இருந்தா. "நடுவுல இருக்குறதெல்லாம் எங்க அங்கிள்?"னு கேட்டா.

"எங்க அக்காகிட்ட இருக்கு"ன்னு சொன்னேன். மார்ச் மாசம் சொல்ல வேண்டிய வார்த்தை. எவ்வளவு சின்ன வார்த்தை அக்கா அது.

உன் தம்பி


அக்டோபர் 12

அன்புள்ள நெட்டைக்கு,

நான் நலம். அப்பா நலம், முழங்கால் பழையபடி. நீ நலமா இருக்கியா? நிஜத்தை எழுது.

அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீ வந்தேன்னு மார்ச்ல நான் சொன்னது பொய்ன்னேன். அவர், "வந்துதானேம்மா இருந்தான்? நீ சொன்னதுல என்ன பொய்?"ன்னு கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. அப்புறம் அவர் உன்னைத் திட்டினார். அதை எழுதினா தபால்காரர் கொண்டு வர மாட்டார். போன்ல வாங்கிக்க.

பல் டாக்டர் வர்ற மார்ச்சுக்கும் கூப்பிட்டிருக்கார். தொப்பியை வேற தைச்சுக்கிட்டு இருக்கேன். பொத்தான்ல ஒண்ணு அன்னைக்கு மண்டபத்துல எங்கயோ அறுந்து விழுந்துடுச்சு, ஒம்பதாவதை மறுபடி ஊத்தணும். இந்தத் தடவை எட்டு ஊருக்குக் கேக்குற மாதிரி "டேய் நெட்டை"ன்னு கூப்பிடுவேன். நீ தெரியாதுன்னு சொன்னாலும் கூப்பிடுவேன். மேலாளர் பொண்ணுகிட்ட சொல்லு, நடுவுல இருக்குறது எல்லாம் வருதுன்னு.

முழுசா ஆறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், அது பொய். ஆனா கதை நிக்கக் கூடாது.

அக்கா

(கட்டம் 615. அதே இருட்டு ஹால். கடைசி வரிசைக்குப் பக்கத்துல, சுவத்தைப் பிளந்துக்கிட்டு லிஃப்ட் வந்து நிக்குது. லிஃப்ட்காரி, தொப்பி இல்லாம, எட்டே பொத்தானோட. எந்த மாடின்னு அவ கேக்கல. "கழுத்தை மடக்கு. கதவு மூடணும்.")